குப்பைமேட்டுக் காட்டில் கனியுண்ணும் பறவைகள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருக்கும் அன்பர் ஒருவரை நிறுத்தி, "உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு காடு இருக்கிறது" என்று சொன்னால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். தண்ணீர்க் குழாயடி, தகரக் கூரை, தையற்பொறியின் ஓசை, சந்துக்குள் சந்து என்று பழகிவிட்ட கண்ணுக்குக் காடு என்ற சொல்லே ஊருக்குப் போகும் ரயிலில் ஏறிய பிறகு நினைவுக்கு வரவேண்டிய ஒன்று. ஆயினும் காடு இருப்பது உண்மை. சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில், தாராவிப் பேருந்துப் பணிமனைக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில், ஏறக்குறைய 37 ஏக்கர் பரப்பில் அது அடர்ந்து நிற்கிறது. மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்பது அதன் பெயர். மாஹிம் இயற்கைப் பூங்கா என்றும் வழங்குவர்.

இவ்வாண்டு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பறவைகளை நன்கு அறிந்த இளைஞர் ஒருவரின் துணையோடு நம் குடியிருப்பிலிருந்து பதினான்கு பேர் அங்கே சென்றோம். அவர்களில் ஒன்பது பேர் பள்ளிச் சிறுவர் சிறுமியர். வழிகாட்டி மராத்தியர், இந்தியும் மராத்தியும் கலந்து பேசினார். புறப்படும் முன்னரே ஓர் எல்லை வகுத்துவிட்டார். "இன்றைக்குப் பழந்தின்னும் பறவைகளை மட்டும் பார்ப்போம். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றையும் பாராமல் திரும்புவோம்" என்றார். நல்ல யோசனை என்றே எமக்குப் பட்டது.

மும்பைக்கு இளவேனில் உண்டா என்று கேட்போர் உளர். நம் நாட்காட்டி சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. அம்மாதங்களில் இங்கே வியர்வையில் நனையாத சட்டை கிடையாது. இந்நகரத்து வசந்தம் மாசியிலும் பங்குனியிலுமே வந்து போய்விடுகிறது. இலவ மரம் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்புப் பூச் சூடுவதும், அரச மரம் செப்பு நிறத்தில் தளிர்ப்பதும், குயில் தொண்டையைச் சரிசெய்துகொள்வதும் அப்போதுதான்.

காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். இட்லிக் கூடையைத் தலையில் சுமந்து வியாபாரத்துக்குப் புறப்பட்ட நம்மவர் சிலர், கழுத்தில் தொலைநோக்கி தொங்க நடந்த எங்களைக் கண்டு நின்று பார்த்தனர். சந்து முனை தாண்டுவதற்குள்ளாகவே வழிகாட்டி நின்றுவிட்டார். மூன்றாம் மாடிச் சுவரில் கழிநீர்க் குழாயை ஒட்டி ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. "இதை யார் நட்டது?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். காற்று என்றது ஒரு குழந்தை. மழை என்றது மற்றொன்று. பறவை என்று எவரும் சொல்லவில்லை.

அரசு, ஆல், அத்தி மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். ஒவ்வொரு சிறு கனிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் பொடி விதைகள் உண்டு. அக்கனியைத் தின்ற கொண்டைக்குருவியின் வயிற்றில் சதைதான் செரிக்கிறது. விதை கெடாமல், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள், எச்சத்தோடு வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் பறவை எங்கே பறந்து சென்று அமர்ந்ததோ அங்கே விதை விழும். சுவர் வெடிப்பில் சிறிது ஈரம் இருந்தால் போதும். நம் குடியிருப்புச் சுவர்களில் நாம் ஆண்டுதோறும் வெட்டி எறியும் கன்றுகள் யாவும் அவ்வாறு நடப்பட்டவையே. (வெட்டாமல் விடலாகாது, வேர் சுவரைப் பிளந்துவிடும். பறவையின் தோட்டக்கலைக்கு வீட்டுவரியைப் பற்றிய கவலை கிடையாது.)

இணைப்புச் சாலையின் இரைச்சலைத் தாண்டி வாயிலுக்குள் நுழைந்ததும் முதலில் உணர்ந்தது குளிர்ச்சி, அடுத்தது மண்வாசனை. அந்த மண் எப்படிப்பட்ட மண் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் நடந்த பாதைக்கு அடியில் கிடப்பது நகரத்துக் குப்பை. 1970களில் இவ்விடம் மாநகரத்தின் கழிவுகளைக் கொண்டுவந்து கொட்டும் மேடாக இருந்தது. வயது முதிர்ந்த லேபர் கேம்ப்வாசிகள் அந்த நாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை இங்கு ஓர் இயற்கைப் பூங்கா அமைக்கலாமென்று யோசனை கூற, மும்பை பெருநகர வட்டார வளர்ச்சிக் குழுமம் அதனை ஏற்று, 1980களில் குப்பையை மண்ணிட்டு மூடி மரம் நடும் பணியை மேற்கொண்டது. 1994இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மும்பையின் துப்புரவுப் பணியில் தமிழர் பலர் தம் ஆயுளையே செலவிட்டவர்கள். அவர்கள் கைபட்டு அகன்ற குப்பையும் இம்மரங்களின் வேருக்கு அடியில் இருக்கக் கூடும் என்று நினைத்தபோது, பாதையில் கால் சற்று மெதுவாகவே விழுந்தது.

மனிதர் நட்டது தொடக்கம். அதற்குப் பிறகு பறவைகள் நட்டதற்குக் கணக்கில்லை. கனி தரும் மரம் ஒன்று நின்றால் பறவை வருகிறது. வந்த பறவை வேறிடத்தில் தின்ற கனியின் விதையை அதன் நிழலில் விட்டுச் செல்கிறது. அவ்விதை முளைத்துக் கனிந்தால் இன்னும் பல பறவைகள் வருகின்றன. இரவில் இதே வேலையைப் பழந்தின்னி வௌவால்கள் பார்க்கின்றன. நம் ஆலைகளில் இருந்த இரவு ஷிப்டைப் போல.

சிறிது தூரம் சென்றிருப்போம். "டொக், டொக், டொக்" என்று ஓர் ஓசை, இடைவெளி மாறாமல், கடிகாரத்துக்குப் பிறந்தது போல் கேட்டது. "பட்டறைச் சத்தம்" என்றான் ஒரு பையன். தாராவிப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்! எண்ணெய் டின்களைத் தட்டி நிமிர்த்தும் ஓசையில் வளர்ந்தவன் அவன். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, "சரியாகச் சொன்னாய். இதற்கு மராத்தியில் தாம்பட் என்று பெயர். செம்பு தட்டுபவன் என்று பொருள்" என்றார். பட்ட கிளை ஒன்றின் உச்சியில் இருந்தது அப்பறவை. சிட்டுக்குருவியினும் சற்றே பருமன், உடல் பச்சை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். அலகைத் திறவாமலே தொண்டையை உப்பி ஒலியெழுப்புகிறது. தலையை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்புவதால் ஓசை வெவ்வேறு திசையிலிருந்து வருவது போல் மயக்குகிறது.

எங்களோடு வந்திருந்த ஆச்சி ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் லேபர் கேம்ப்பிலேயே வாழ்ந்தவர், பேரனுக்குத் துணையாக மட்டுமே வந்தவர், அதுவரை வாய் திறக்கவில்லை. தொலைநோக்கியை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏலே, இது குக்குறுவாம்லா! எங்க முருங்க மரத்துல பொந்து வச்சிருந்துச்சே!"

பேரன் திகைத்துப் போனான். அவன் ஆச்சிக்கு இட்லி மாவின் பதம் தெரியும், ரேஷன் கடைக்காரனோடு இந்தியில் வாதாடத் தெரியும். பறவையின் பெயர் தெரியும் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. வழிகாட்டியும் உடனே குறிப்பேட்டை எடுத்து, "குக்குறுவான்" என்று இரண்டு முறை சொல்லச் செய்து தேவநாகரியில் எழுதிக்கொண்டார். ஆச்சி கூறியது முற்றிலும் சரி. முருங்கை போன்ற மெல்லிய மரத்துப் பட்ட கிளையில்தான் அது அலகால் குடைந்து பொந்து அமைக்கும். காய்ந்த கிளை அழகைக் கெடுக்கிறதென்று அனைத்தையும் வெட்டித் தள்ளினால் குக்குறுவானுக்கு வீடில்லை.

நூல் வழக்கில் பார்த்தால் குக்குறுவானும் குயிலும் பாடும் பறவை என்ற வரிசையில் சேரா. பறவை நூலார் அப்பெயரைக் குரல்வளை அமைப்பைக் கொண்டு வரையறுக்கின்றனர்; அவ்வரையறையில் காக்கை பாடும் பறவை, குயில் அன்று! காதுள்ள எவரும் இத்தீர்ப்பை ஏற்கத் தயங்குவர். நாங்களும் ஏற்கவில்லை.

குயில் அன்று நன்றாகவே கிடைத்தது. அரச மரத்தில் கரிய ஆண் ஒன்றும், பழுப்பு உடலில் வெண்புள்ளி இறைத்த பெண் ஒன்றும் கனி கொத்திக்கொண்டிருந்தன. கூவுவது ஆணே என்பதைப் பிள்ளைகள் வியப்போடு கேட்டுக்கொண்டனர். காக்கைக் கூட்டில் முட்டையிடும் கதையை அவர்களே சொன்னார்கள். பொன்னரளிக் காய் நமக்குக் கொடிய நஞ்சு. குயில் அதன் கனியைத் தின்றும் நலமாக இருக்கிறது. பறவை தின்பதால் நாமும் தின்னலாம் என்று எண்ணிவிடக் கூடாதென்று சிறுவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லி வைத்தோம். பெற்றோரும் வீட்டில் இதனைச் சொல்லுதல் வேண்டும்.

அத்தி மரத்தடியில் நின்ற பொழுதுதான் அதிகம். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகச் சிவந்த கனிகள். ஒன்றைப் பிட்டுக் காட்டினார் வழிகாட்டி. உள்ளே பூச்சிகள். பழமொழியில் அத்திப்பழத்துக்கு இதனால் கெட்ட பெயர். ஆனால் அப்பூச்சி இல்லையேல் அத்தியே இல்லை. அத்தியின் பூக்கள் கனிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. கடுகளவு கூட இல்லாத ஒரு குளவி சிறு துளை வழியாகப் புகுந்து, மகரந்தம் சேர்த்து, அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு, அத்திக்கு வேறு. ஒரே இனத்து மரங்களும் ஒரே காலத்தில் பழுப்பதில்லை. ஒன்று முடிக்கும்போது மற்றொன்று தொடங்கும். ஆகவே மற்ற மரங்கள் கைவிடும் மாதங்களிலும் எங்கேனும் ஓர் ஆலோ அரசோ பறவைகளுக்குச் சோறு போடுகிறது. பழுமரம் தேடிச் செல்லும் பறவைகளைப் புரவலரை நாடிச் செல்லும் பாணர் கூட்டத்துக்கு நம் சங்கப் புலவர் ஒப்பிட்டது எவ்வளவு கூர்ந்து பார்த்த உவமை! தோல் பதனிடும் தொழிலை நம்பி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களும் ஒரு பழுமரத்தைக் கேள்விப்பட்டுத்தான் வந்தார்கள்.

அம்மரத்தில் நாங்கள் கண்டவை: கருங்கொண்டையும் வாலடியில் சிவப்பும் உடைய கொண்டைக்குருவிகள், செம்மீசை தீட்டிய அவற்றின் உறவினர், வெள்ளை வளையமிட்ட கண்ணோடு கூட்டமாகத் தாவும் வெள்ளைக்கண்ணிகள், இலைமறைவில் ஒரு கணம் பொன்னாக மின்னி மறைந்த மாங்குயில். மாங்குயிலை மராத்தியர் ஹளத்யா என்கின்றனர். மஞ்சளில் தோய்ந்தது என்ற கருத்து. நாம் அதை மாவோடு சேர்த்துப் பெயரிட்டோம். அவர்கள் மஞ்சளோடு சேர்த்தார்கள். இரண்டும் சமையலறைக்குள்ளேயே முடிந்தன என்று ஒரு சிறுமியின் தாயார் சொன்னது எல்லோரையும் சிரிக்க வைத்தது.

எல்லாவற்றிலும் சிறியது பூக்கொத்தி. கட்டைவிரலளவு சாம்பற்பறவை. புல்லுருவியின் பிசுபிசுத்த விதையை அது கிளையில் தேய்த்து ஒட்டிவிடுகிறது. புல்லுருவி அங்கே வேரூன்றி மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. உண்ணிச்செடியின் விதையையும் பறவைகள் இவ்வாறே ஊரெங்கும் பரப்பி, அது காடுகளைக் கெடுக்கும் களையாகிவிட்டது. பறவை நல்ல மரம், கெட்ட மரம் என்று பார்ப்பதில்லை. பழுத்ததா என்று மட்டும் பார்க்கிறது.

பாதை ஆற்றை நெருங்கும் பக்கம், அக்கரை அலையாத்தி மரங்களின் மேலாக ஒரு பறவைத்திரள் எழுந்து, சுருண்டு, விரிந்து, துணி உதறியது போல் திரும்பியது. சூறைக்குருவிகள். சோளக்குருவி என்றும் நம் நாட்டில் சொல்வர். முற்றிய சோளக் கதிரில் இறங்கும் அவற்றைத் தகரம் தட்டி விரட்டியவர்கள் நம்மில் இருப்பர். கருந்தலையும் ரோஜா நிற உடலும் கொண்ட மைனா இனம். கசகஸ்தான், துருக்மெனிஸ்தான் முதலிய மத்திய ஆசிய நாடுகளில் வெட்டுக்கிளிகள் பெருகும் கோடையில் குஞ்சு பொரித்து, ஆடி ஆவணியிலேயே இங்கு வரத் தொடங்கி, சித்திரையில் திரும்பிச் செல்வன. அங்கே குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி. இங்கே தமக்கு ஆலம்பழமும் அரசம்பழமும் இலவம்பூவின் தேனும், உப்பங்கழி ஓரத்து உகாய்க் கனியும். நெடுந்தூரப் பயணத்துக்கான கொழுப்பை இவற்றைத் தின்றே சேமிக்கின்றன. ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே வாழ்ந்தும் கூடு கட்டுவது இல்லை.

"அப்போ இதுக்குச் சொந்த ஊரு எது?" என்று கேட்டான் ஆச்சியின் பேரன். வழிகாட்டி விடை கூறாமல் தொலைநோக்கியை அவன் கையில் கொடுத்தார்.

குளக்கரையில் அமர்ந்து கொண்டுவந்த இட்லியைப் பகிர்ந்து உண்டபோது, ஆச்சி மெதுவாகக் கேட்டார்: "தம்பி, தாராவிய இடிச்சுக் கட்டப் போறாகளே, இந்தக் காட்டையும் இடிப்பாகளா?"

அக்கேள்வி வீண் அச்சத்தில் பிறந்ததன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் எல்லைக்குள் இப்பூங்காவும் சேர்க்கப்படலாம் என்ற ஐயம் எழுந்து, இயற்கை ஆர்வலர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினர். பூங்கா திட்டத்தில் சேராது என்று மறுசீரமைப்பு அதிகாரிகள் 2023இல் நீதிமன்றத்தில் தெரிவித்தனர். இதை விளக்கினோம். ஆச்சி தலையசைத்தார். "மரத்துக்கு எழுதிக் குடுத்துட்டாக. நல்லது" என்றார். பிறகு இட்லிப் பொதியைக் கட்டிக்கொண்டே, "எங்க மாடிக்கு என்ன எழுதுவாகளோ" என்றார்.

எமக்கும் அதற்கு மறுமொழி இல்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன் தரைத்தளத்தில் குடியேறியோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தோர்க்கும், மாடியறையில் வாழ்வோர்க்கும் வெளியே வேறிடம் என்பது திட்டத்தின் வகுப்பு. 2024இல் வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினர். கீழே தந்தை, மேலே மகன் என்று ஒரே ஏணியில் வாழும் குடும்பங்கள் நம்மில் எத்தனை என்று வாசகர்களுக்கே தெரியும். ஆச்சி இருப்பது மாடியில்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. எங்கே போகும்படி நேர்ந்தாலும் பிள்ளைகள் தாம் பிறந்த வட்டாரத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. அதைச் சொல்லித் தரக் கூடியவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். தமிழில் பறவைகளைப் பற்றி அழகாக எழுதிய மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பு வீட்டில் இருக்க வேண்டிய நூல். இந்தியப் பறவைகளை உலகறியச் செய்த சாலிம் அலி 1896இல் பிறந்தது இதே மும்பையில். நம் மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூடு கட்ட வரும் நீர்ப்பறவைகளை ஊரார் தம் விருந்தினராகக் கருதிக் காப்பதை ஆச்சி போன்றோர் நேரில் கண்டவர்கள். அவர்களிடம் ஒரு பறவையின் பெயரைக் கேட்டால் நான்கு பெயரும் ஒரு கதையும் கிடைக்கின்றன. அன்று திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குக் கிடைத்தன.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். பூங்கா திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும். நுழைவுக் கட்டணம் உண்டு. கண்ணைப் பறிக்கும் நிறத்து ஆடை வேண்டா. குடிநீர் எடுத்துச் செல்லவும்; பிளாஸ்டிக் பைகளை உள்ளே விடக் கூடாது. பழுத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதனடியில் அரைமணி நேரம் பேசாமல் அமர்ந்தால், அலைந்து தேடுவதைவிட அதிகம் காணலாம். தொலைநோக்கி இல்லாததால் தங்கிவிட வேண்டா. குக்குறுவானையும் கொண்டைக்குருவியையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். வீட்டில் முதியோர் இருந்தால், கால் ஒத்துழைக்கும் அளவுக்கு, அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். சூறைக்குருவிகள் ஏப்ரல் நடுவில் பெரும்பாலும் புறப்பட்டுவிடும். அவற்றைப் பார்க்க நினைப்போர் பங்குனிக்குள் சென்று வருக. மாலையில், கதிர் சாயும் நேரத்தில், ஆற்றுப் பக்கத்து வானத்தைப் பார்க்கவும்.